எல்லைக்கோடு

அன்புள்ள சேகர்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அக்காவின் முழங்கால் தேவலையா? இங்கே எல்லோரும் நலம். மூன்று மாதமாக நான் ஒரே கணக்கில் மூழ்கிக் கிடக்கிறேன். வளரும் நாடுகள் தங்கள் உழைப்பையும் மூலதனத்தையும் எவ்வளவு திறமையாகப் பயன்படுத்துகின்றன என்று அளந்து வரிசைப்படுத்தும் வேலை.

முறை 1957இல் பொருளாதார அறிஞர் ஃபாரெல் சொன்னதுதான். அதே இடுபொருளில் அதிகம் விளைவிப்பவர்கள் எல்லைக்கோடு. மற்றவர்கள் அதற்கு எவ்வளவு கீழே நிற்கிறார்கள் என்பதே மதிப்பெண். 0.6 என்றால் முன்னணியில் இருப்பவர் எடுப்பதில் 60 சதவீதம். தாடி வாத்தியார் கரும்பலகை முழுக்க எழுதி வேர்த்து நின்றாரே, அதேதான்.

கணக்கு முடிந்தது. அப்புறம்தான் நைஜீரியா வரிசையில் கண் நின்றது. 2014 ஏப்ரலில் அந்த நாடு உள்நாட்டு உற்பத்திக் கணக்கின் அடிப்படை ஆண்டை, அதாவது எந்த ஆண்டின் விலைகளையும் தொழில் அமைப்பையும் வைத்து அளக்கிறார்களோ அந்த ஆண்டை, 1990இலிருந்து 2010க்கு மாற்றியது. 2013க்கான மதிப்பு ஒரே நாளில் 89 சதவீதம் ஏறிவிட்டது. அன்றைக்குப் புதிதாக ஒரு ஆலை திறக்கவில்லை, ஒரு ஆள் கூடுதலாக வேலைக்குப் போகவில்லை. பழைய கணக்கில் சரியாக ஏறாத தொலைத்தொடர்பும் திரைப்படத் தொழிலும் உள்ளே வந்தன. அப்படி ஏறினால், பழைய எண்ணில் 0.4 வாங்கும் நாடு 0.75ஐத் தாண்டிவிடும். கானாவிலும் 2010இல் இதே கதை, சுமார் 60 சதவீதம். அப்படியென்றால் நான் அளந்தது நாட்டின் திறமையையா, அதன் புள்ளியியல் துறையின் வசதியையா?

அதைவிட என்னை உறுத்துவது எல்லைக்கோடு. தாதுவை வெட்டி விற்கும் நாடு உச்சியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தோண்டிய குழி எந்தக் கட்டத்திலும் கழிக்கப்படவில்லை. அந்தக் கோட்டை வைத்துத்தான் சிறு விவசாயிகளின் நாட்டை 'வீணடிக்கிறது' என்கிறோம். அங்கே விறகுக்கும் தண்ணீருக்கும் நடக்கும் பெண்ணின் உழைப்பு பெரும்பாலும் கணக்கிலேயே வருவதில்லை. இந்த மதிப்பெண்ணைக் காட்டி நாளை யாராவது அவர்களுக்கான உதவியைக் குறைத்தால்? இரண்டு இரவாகத் தூக்கம் பிடிக்கவில்லை, சேகர்.

வேலையைக் கொடுத்தவர்கள் பட்டியலை மட்டும் கொடு என்கிறார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அடிப்படை ஆண்டு இல்லாமல் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். 'எண் பொய் சொல்லாது' என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நீ. வாதாட உன்னைவிட்டால் ஆள் இல்லை. உன்னிடம் இருக்கும் பழைய கணக்கேடுகளில் எந்த நாட்டுக்கு எந்த ஆண்டு என்று பார்த்து, இந்த வாரமே எழுது.

உன்,
ராஜு