பறவை வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. சரி, இந்த ஆண்டு நாம் அதிகம் பேசிய மருத்துவ விஷயத்துக்கு வருகிறேன்.

சிறப்புரை ஆற்ற வந்த பறவை மருத்துவர் எடுத்த எடுப்பிலேயே, "உங்கள் பறவையின் எடை என்ன?" என்று கேட்டார். கை தூக்கியவர்கள் ஓரிருவர்தான். செயலாளரும் தூக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். பறவை தன் நோயை மறைக்கும். சோர்ந்ததைத்தானே எதிரி முதலில் குறிவைக்கும். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்காரும்போது நோய் முற்றியிருக்கும். எடையோ அதற்கு முன்பே இறங்கத் தொடங்கியிருக்கும். 35 கிராம் எடையுள்ள பட்ஜி என்னும் சின்னக் கிளிக்கு 3.5 கிராம் குறைந்தாலே உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. இறகு மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அன்றைக்கே சங்கத்துக்கு ஒரு கிராம் தராசு வாங்கத் தீர்மானித்தோம், வாங்கியும் விட்டோம்.

மருத்துவம் நிறையவே முன்னேறியிருக்கிறது. ஆணா பெண்ணா என்றறிய, முன்பு மயக்கம் கொடுத்து வயிற்றில் துளையிட்டுப் பார்ப்பார்கள். இப்போது பிடுங்கிய சில இறகுகளிலிருந்தே டிஎன்ஏ சோதனை சொல்லிவிடுகிறது. ஐசோஃப்ளூரேன் வாயு வந்த பிறகு மயக்கம் கொடுப்பதும் பழைய அளவுக்குப் பயமில்லை. வாயுவை நிறுத்தினால் பறவை சீக்கிரம் விழித்துக்கொள்கிறது. தின்ற விதை அப்படியே எச்சத்தில் வந்து, கிளி மெலிந்து சாகும் இரைப்பை விரிவு நோய்க்குப் போர்னா வைரஸ் காரணம் என்பது 2008இல்தான் தெரிந்தது. குணப்படுத்தும் மருந்து மட்டும் இன்னும் இல்லை.

ஆனால் இந்த முன்னேற்றம் எல்லா மருத்துவமனைகளுக்கும் போய்ச் சேரவில்லை. என் காக்டீலை, அதாவது கொண்டை வைத்த சிறு கிளியை, ஓரிடத்தில் மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்தார்கள். அது அலகைத் திறந்து திணறியது. நமக்கு மூச்சிழுக்க உதவும் தசையான உதரவிதானம் பறவைக்குக் கிடையாது, மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு. நல்லவேளையாகப் பிழைத்தது. கழுத்தை இரு விரலால் அணைத்து, மார்பை அழுத்தாமல் பிடிக்கும் முறையை மருத்துவர் நமக்குச் செய்தே காட்டினார். வராதவர்கள் வந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், புதுப் பறவையைச் சோதனை முடியும்வரை தனி அறையில் வைப்பது என்ற தீர்மானம் நிறைவேறியது. சிலர் முணுமுணுத்தார்கள், எதிர்த்து வாக்களிக்கவில்லை.

கடைசியாக, சங்கத்தின் தராசை எடுத்துப்போனவர் பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்