பேருந்தில் பெற்றோருக்கும் இடம் வேண்டும்

பள்ளிக் கல்வித் துறைக்கும், வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா நிர்வாகத்துக்கும்,

வணக்கம்.

நான் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். வண்டலூர் சுற்றுலா என்றால் பெற்றோரிடம் நாங்கள் வாங்குவது ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து, கட்டணம், கட்டுச்சோறு. காலையில் பள்ளி வாசலில் நின்று கையாட்டிவிட்டு அவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். ஒரே ஒருமுறை இது மாறியது, அதுவும் தற்செயலாக.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குப் பேருந்தில் ஏறினாலே வாந்தி. துணைக்கு அவள் அம்மாவும் வந்தார். ஆடு மாடு வளர்ப்பவர், ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். காட்டுமாட்டு அடைப்பின் முன் பிள்ளைகள் "காட்டெருமை, காட்டெருமை" என்று கத்தினார்கள். நான் வழக்கம்போலப் பலகையைப் படித்துக் காட்டிவிட்டு நகர்ந்தேன். நாலரைக்குப் பேருந்து கிளம்ப வேண்டும், புலி வேறு பாக்கி. கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் பின்னால் ஒருவரையும் காணோம். அடைப்பின் முன்னேயே நின்று அந்த அம்மா பிள்ளைகளிடம் பேசிக்கொண்டிருந்தார்:

"எருமைக்குக் கொம்பு பட்டையா இருக்கும்டா. இதுக்கு உருண்டையா இருக்குது பாரு. இது மாட்டு சாதிதான். இல்லீங்களா சார்?"

ஆமாம் என்றேன். வகைப்பாட்டிலும் அது பசுவின் பேரினம்தான். பாடப்புத்தகம் இல்லாமல், கொம்பை மட்டும் பார்த்து அவர் அங்கே வந்து சேர்ந்திருந்தார்.

படுத்திருந்த மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. "கழுத்தையே பாருங்க. இப்ப முழுங்கும். கொஞ்ச நேரத்துல அடுத்த உருண்டை கீழயிருந்து மேல ஏறும்." முப்பது பிள்ளைகள் மூச்சுவிடாமல் நின்றார்கள். தோலுக்கடியில் அந்த உருண்டை ஏறியதும் எழுந்த கூச்சலில் மாடே திரும்பிப் பார்த்தது. இரைப்பைக்கு நான்கு அறைகள் என்று எத்தனையோ வருடம் படம் வரைந்திருக்கிறேன். இப்படி ஒரு கூச்சல் என் வகுப்பில் எழுந்ததில்லை.

அடுத்து ஒரு கேள்வி கேட்டார். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேல்வரிசையில் முன்பல் கிடையாது, ஒட்டகச்சிவிங்கிக்கு இருக்குமா? அதுவும் அசைபோடும் விலங்கு, இருக்காது என்று உடனே சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு எல்லோரையும் அங்கே கூட்டிப்போனேன். தழைக்கு அது வாயைத் திறக்கும்வரை இருபது நிமிடம் காத்திருந்தோம். மேல் ஈறு வெறுமையாக இருப்பதை முதலில் கண்டவள் அந்த வாந்திக்காரப் பெண்தான். புலியைப் பார்க்காமலே திரும்பினோம். இரண்டு பையன்கள் ஊர் வரும்வரை என்னோடு பேசவில்லை.

பெற்றோருக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல வரவில்லை. வாயைப் பிளந்தபடி வெயிலில் கிடக்கும் முதலையைச் செத்துவிட்டதென்று கல்லெறிந்து பார்ப்பவர்களும் பிள்ளையைத் தோளில் சுமந்து வந்த அப்பாக்கள்தான். உடம்புச் சூட்டைத் தணிக்க அது வாயைத் திறந்து வைத்திருக்கிறது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லும்போது பக்கத்தில் அப்பாவும் இருந்தால் கல் கீழே விழும். பூங்கா விலங்கைச் சீண்டுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்ற பலகையைவிட, "அப்பா, போடாதப்பா" என்ற குரல் வேகமாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பூங்காவின் பிறப்பே கூட்டத்தின் ஆசையிலிருந்து வந்ததுதானே? சென்னை அருங்காட்சியகத்தில் உயிரோடு வைத்திருந்த சிவிங்கிப்புலியையும் புலியையும் பார்க்க ஜனங்கள் திரண்டதைக் கண்டுதான் அருங்காட்சியகப் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் 1855-இல் விலங்குக்காட்சிசாலையைத் தொடங்கினார். அது 1985-இல் வண்டலூரில் புதிதாகத் திறக்கப்பட்டது; இன்று இடம் 600 ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. அத்தனை இடத்தையும் ஒரே நாளில் சுற்றிக்காட்ட ஓடுகிறோமே, அதுதான் எங்கள் பிழை.

துறையிடம் கேட்பது: கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். கழிப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் தீர்மானம் போடும் அந்தக் கூட்டத்தில் சுற்றுலாவையும் பேசவிடுங்கள். ஒவ்வொரு பேருந்திலும் பத்து இடம் பெற்றோருக்கு என்று சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்த்தால் போதும். காவலுக்கு என்று எழுதிவிடாதீர்கள், அப்புறம் தலை எண்ணுவதிலேயே அவர்கள் நாள் போய்விடும். 6 முதல் 8 வரை படிப்பவர்களுக்கான அரசின் அறிவியல் செயல்முறைத் திட்டமான வானவில் மன்றத்தின் சோதனைகளில் ஒன்றிரண்டைப் பெற்றோர் கூட்டத்தன்று செய்துகாட்டவும் அனுமதி வேண்டும்.

பூங்காவிடம் கேட்பது இதைவிடச் சிறியது. கூலிக்குப் போகிறவர் வாரநாளில் வந்தால் ஒருநாள் சம்பளம் போச்சு. செவ்வாய் உங்களுக்கு விடுமுறை, ஞாயிறு உங்களுக்குக் கூட்டம். மாதத்தில் ஒரு ஞாயிறு, வாசல் திறப்பதற்கு முன் ஒரு மணிநேரம், அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் மட்டும் உள்ளே வரட்டும். இரண்டு அடைப்பு போதும். தீனி வைக்கும் பணியாளர் பத்து நிமிடம் பேசட்டும். எது எவ்வளவு தின்னும், எது நேற்று மிச்சம் வைத்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மாடு வைத்திருப்பவரும் அவரும் பேச ஆரம்பித்தால் எங்களைப் போன்ற ஆசிரியர்கள் ஓரமாக நின்று கேட்டுக்கொள்கிறோம்.

அந்த அம்மா போன வாரம் சந்தையில் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீர்யானை அசைபோடுமா சார்?" பதில் எனக்குத் தெரியும், இன்னும் சொல்லவில்லை. எங்கள் பள்ளியிலிருந்து பன்னிரண்டு பெற்றோர் வரத் தயார். எந்த ஞாயிறு என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியர்,
செங்கல்பட்டு மாவட்டம்