நிறுத்திய உதவியைப் பற்றித் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சாச்சா மகனுக்கு மாதந்தோறும் அனுப்பி வந்த பணத்தை நீ நிறுத்திவிட்டதாகவும், இனி ஒரு காசும் தருவதில்லை என்று அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுவிட்டதாகவும் உம்மா கூறினார்கள். அவன் நம் வீட்டைப் பற்றிப் பரப்பியது பொய். உன் வேதனையைச் சிறிதாக்கிப் பேச எனக்கு மனமில்லை. ஆயினும் இதே ஆணையை உனக்கு முன்பே ஒருவர் இட்டிருக்கிறார். அவர் நபி (ஸல்) அவர்களின் நெருங்கிய தோழர் அபூபக்கர் (ரலி) அவர்கள்.

மிஸ்தஹ் (ரலி), அபூபக்கர் (ரலி) அவர்களுடைய தாயின் சகோதரி மகளுக்குப் பிறந்தவர், ஏழை, மக்காவைத் துறந்து வந்த முஹாஜிர், இஸ்லாத்தின் முதல் பெரும் போரான பத்ருப் போரில் கலந்துகொண்டவர். அவருடைய செலவுகளை அபூபக்கர் (ரலி) அவர்களே ஏற்றிருந்தார்கள். அப்படியிருந்தும், அபூபக்கர் (ரலி) அவர்களின் மகளும் நபி (ஸல்) அவர்களின் மனைவியுமான ஆயிஷா (ரலி) அவர்களின் கற்பின் மீது நயவஞ்சகர்கள் கட்டிவிட்ட அவதூறை அவரும் சேர்ந்து பேசினார். தம்மைப் பற்றி ஊரில் நடக்கும் பேச்சு எதையும் அறியாதிருந்த ஆயிஷா (ரலி) அவர்கள், மிஸ்தஹின் தாயார் தம் மகனைச் சபித்ததைக் கேட்டு, பத்ரில் கலந்துகொண்ட ஒருவரையா ஏசுகிறீர்கள் என்று அவருக்காகப் பரிந்து பேசினார்கள். அதன் பின்னரே அந்தத் தாய் உண்மையைச் சொன்னார். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது.

ஒரு மாத காலம் வஹீ என்னும் இறைச்செய்தி வராமல் அந்தக் குடும்பம் கலங்கித் தவித்தது. பிறகு ஆயிஷா (ரலி) அவர்களின் தூய்மையை அறிவிக்கும் வசனங்கள் இறங்கியபோது, மிஸ்தஹுக்கு இனி எதுவும் கொடுப்பதில்லை என்று அபூபக்கர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்தார்கள். அதற்கு மறுமொழியாகவே குர்ஆனின் அந்நூர் அத்தியாயத்தின் 22ஆவது வசனம் வந்தது. அவதூறு கூறுவோருக்கு 80 கசையடி விதிப்பதும் அதே அத்தியாயம்தான். எனவே குற்றம் குற்றமல்ல என்று அங்கே சொல்லப்படவில்லை. ஆனால் கொடுத்து வந்த கை அந்தத் தண்டனைக்குக் கருவியாக வேண்டாம் என்று அந்த வசனம் தடுக்கிறது. மிஸ்தஹ் அதற்குத் தகுதியானவரா என்று அது கேட்கவில்லை. அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்களா என்றுதான் கேட்கிறது. விரும்புகிறேன் என்று சொல்லி, அபூபக்கர் (ரலி) அவர்கள் உதவியைத் திரும்பவும் தொடங்கினார்கள்.

நோவினை தரும் பேச்சைக் கேட்டும் பொறுத்துக்கொள்வதில் அல்லாஹ்வை மிஞ்சியவர் எவருமில்லை என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். தன்னைப் பற்றி இல்லாததைச் சொல்வோருக்கும் அவன் உடல்நலமும் உணவும் கொடுத்து வருகிறான். நம் வீட்டுச் சோறும் அந்த அருளில் வந்ததுதான். நம் நாவும் நடத்தையும் சரியாக இருக்கும் நாள்களில் மட்டும் அது வருவதில்லை. ரஹ்மத் என்னும் இறையருளைப் பற்றி எத்தனையோ மார்க்கப் பயான்களைக் கேட்டிருக்கிறோம். அதை நம் கையால் செய்துகாட்டும் வாய்ப்பு இப்போது உன்னிடம் வந்திருக்கிறது.

ஆணையை முறிக்கத் தயங்காதே. செய்த சத்தியத்தைவிடச் சிறந்தது ஒன்றைக் கண்டால் அதைச் செய்துவிட்டுப் பரிகாரம் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்களே வழிகாட்டியுள்ளார்கள். பத்து ஏழைகளுக்கு உணவளித்துவிடு. பணத்தை அனுப்பும்போது அவன் பேசியதை நினைவூட்டும் ஒரு சொல்லும் வேண்டாம். சொல்லிக் காண்பித்து நோவினை செய்தால் தர்மம் பாழாகிவிடும் என்று அல்பகரா அத்தியாயம் எச்சரிக்கிறது. அவனுடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் நாள் நெருங்குவதால், அதற்குள் அனுப்பிவிடு.

வஸ்ஸலாம்.
உன் காக்கா