பழைய போர்டு பள்ளிக் கட்டடத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கும் நன்கொடை தந்த முன்னாள் மாணவர்களுக்கும் வணக்கம்.

நம் ஊர் நடுநிலைப் பள்ளியின் கிழக்குக் கட்டட வேலை முடிந்துவிட்டது. நாம் இன்றும் ‘போர்டு ஸ்கூல்’ என்றே சொல்லும் அந்த மூன்று அறைகளும் தாழ்வாரமும் இனி ஒழுகாது. கோடை விடுமுறைக்குள் முடித்துவிடுவோம் என்று பொதுக்குழுவில் சொன்னோம்; ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அதில் கொத்தனாரும் தச்சரும் வேலை செய்தது நான்கு மாதம்தான். மீதிக் காலம் ‘இது யாருடைய கட்டடம்?’ என்ற கேள்விக்கு விடை தேடியதில் போயிற்று. தாமதத்துக்கு விளக்கம் கேட்டு எழுதியவர்களுக்காக அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்களுக்குக் கிடைத்த பழைய நிலப் பத்திர நகலில், வட்ட அளவிலான உள்ளாட்சி அமைப்பாக இருந்த தாலுகா போர்டின் பெயர் இருந்தது. 1884-ஆம் ஆண்டின் சென்னை உள்ளாட்சிச் சட்டத்தின்கீழ் வந்த போர்டுகள்தாம் அக்காலத்தில் சிற்றூர்களில் பள்ளி நடத்தின. 1920-இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தபின் அந்தப் பொறுப்பு இன்னும் கூடியது. ஆனால், தாலுகா போர்டுகள் 1934-இல் கலைக்கப்பட்டன. பிறகு செங்கல்பட்டு ஜில்லா போர்டு. ஜில்லா போர்டுகளும் போய், 1958-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோது தொடக்கப் பள்ளிகள் அவற்றிடம் வந்தன. 1981-இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனார்கள். கட்டடம் மட்டும் ஒன்றியத்திடமே தங்கிவிட்டது. 1997-இல் மாவட்டமே இரண்டாகப் பிரிந்து நாம் திருவள்ளூர் பக்கம் வந்தோம்.

மதிலுக்கு அப்பால் இருக்கும் போர்டு ஹைஸ்கூலின் கதை வேறு. அதை அரசே ஏற்றுக்கொண்டது. 1978-இல் பிளஸ் டூ தொடங்கியபின் அது மேல்நிலைப் பள்ளியாக உயர்ந்தது. ஆகவே ஒரே மதிலுக்கு இந்தப் பக்கம் ஒன்றியம், அந்தப் பக்கம் அரசு. ஒரு மனுவை இரண்டு பக்கமும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு நடந்தோம். கடைசியில், அனுமதி தரவேண்டியது ஒன்றியமே என்று எழுத்தில் வந்த நாளன்று குழுவில் இனிப்பு வழங்கினோம். அந்தச் செலவு கணக்கில் ஏறவில்லை, பொருளாளர் கைப்பணம்.

அலைந்ததில் ஒரு நன்மை உண்டு. ஆதாரம் தேடி அலமாரியைக் குடைந்தபோது 1958-ஐ ஒட்டிய நன்கொடைப் பதிவேடு ஒன்று கிடைத்தது. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலம். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் அந்த ஆண்டில் நமக்கு அருகிலுள்ள கடம்பத்தூரில்தான் தொடங்கின. பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியல் போட்டு, ஊராரே முன்வந்து நிறைவேற்றும் ஏற்பாடு அது. நம் பதிவேட்டில் ரூபாய் எழுதிய வரிகள் குறைவு. கிணற்றுக்கு ஜகடை, மூன்று பலகை, ஒரு சுவர்க் கடிகாரம், மதிய உணவுக்கு இரண்டு மூட்டை நெல், ‘கூரைக்கு ஐந்து நாள் கையாள் வேலை’ என்று பொருளாகவும் உழைப்பாகவுமே வந்திருக்கிறது. ஐந்து நாள் வேலை தந்தவரின் பெயருக்கு எதிரே கைநாட்டு இருக்கிறது. குழுவில் சிலர் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இனிக் கூரை. இடித்துவிட்டுக் கான்கிரீட் போட்டால் விரைவில் முடியும் என்று வாதிட்ட உறுப்பினர்கள் பலர். காலக் கணக்கில் அவர்கள் சொன்னதே சரி. ஆனால் இது மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்கு உத்தரங்களின்மேல் அச்சுக்கல் எனும் மெல்லிய செங்கற்களை மூலைவாட்டத்தில் நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் தட்டி இறுக்கித் தட்டையான ஓடு பதித்திருக்கிறார்கள். சித்திரை வெயிலிலும் உள்ளே உட்கார முடிகிற அறைகள் பள்ளியில் இவை மட்டும்தான். சுவரும் கெட்டியாகவே இருந்தது.

கெடுத்தது சிமெண்ட். முன்பு ஒருமுறை ஒழுகியபோது யாரோ மேலே சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அதில் வெடிப்பு விட்டது. வெடிப்பு வழியே இறங்கிய நீர் திரும்ப ஆவியாக வழியில்லாமல் கீழேயே தங்கியது. சுவருக்குள் செருகிய உத்தர நுனிகள் இற்றுக் கரையான் ஏறியது. முட்டுக் கொடுத்து, சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். இற்ற நுனிகளை அறுத்து இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் முடுக்கினோம். காப்பாற்ற முடியாத இரண்டு உத்தரங்களுக்கு மாற்றாக, இடித்த பழைய வீடு ஒன்றிலிருந்து தேக்கு வாங்கினோம். சுண்ணாம்பை ஊறவைத்து, அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்தோம். ஜல்லி தட்டத் தெரிந்த பெண்கள் இப்போது அருகில் கிடைப்பதில்லை, வெளியூரிலிருந்து வந்தார்கள். நாள் கணக்கில் வரிசையாக உட்கார்ந்து ஒரே தாளத்தில் தட்டினார்கள். பக்கத்து வகுப்புகளில் அந்த நாட்களில் பாடம் நடந்ததாகச் சொல்ல முடியாது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் மதிப்பீட்டைப் போல் ஏறத்தாழ இரண்டு பங்கு செலவாயிற்று.

குழு செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நடு அறைச் சுவருக்குப் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தோம். பெரியவர் ஒருவர் வேண்டாம் என்று சொல்லியும் பளபளப்புக்கு ஆசைப்பட்டோம். முதல் மழையில் அது கொப்புளித்தது. சுரண்டிவிட்டு மறுபடி வெள்ளையடித்தோம். அந்த இழப்பு கணக்கில் தனி வரியாகக் காட்டப்பட்டிருக்கிறது.

கல்வெட்டு பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். நன்கொடையாளர் பெயர்களைச் சலவைக்கல்லில் பொறிக்க வேண்டும் என்ற தீர்மானம் இரண்டு கூட்டங்களில் விவாதிக்கப்பட்டு, பெரும்பான்மையால் கைவிடப்பட்டது. பெயர்கள் எல்லாம் ஒரு கெட்டி அட்டை நோட்டில், தொகையோ பொருளோ தந்தபடியே எழுதி, 1958-ஆம் ஆண்டுப் பதிவேட்டுடன் அதே அலமாரியில் வைக்கப்பட்டுள்ளன. மனவருத்தம் உள்ளவர்கள் குழுவைத்தான் குறை சொல்ல வேண்டும். தலைமையாசிரியைக்கு இதில் பங்கில்லை.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு தனித்தாளாக இணைக்கப்பட்டுள்ளது. மிச்சத் தொகை பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்கில் சேர்க்கப்பட்டுவிட்டது. பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் இழுப்பதை அதில் முதலில் செய்யும்படி கேட்டிருக்கிறோம். அறுத்த தேக்குத் துண்டுகள் நூலக அலமாரிக்குத் தட்டுகளாயின. மூன்று அறைகளின் சாவிகளும் ஒப்படைக்கப்பட்டன. கடிகாரம் மட்டும் இன்னும் பழுதுபார்ப்பவரிடம் இருக்கிறது, பாகம் கிடைக்கவில்லையாம்.

திருப்பணிக் குழுவுக்காக,
செயலாளர்