இணையப் பாடம் நடத்தும் தொலைநிலைக் கல்வித் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

இயக்குநர்களுக்கும் பாட ஒருங்கிணைப்பாளர்களுக்கும் வணக்கம்.

வகுப்பில் ஒரு மணி நேரம் நடத்தியதை அப்படியே பதிவு செய்து ஏற்றிவிட்டு அதை இணையப் பாடம் என்று அழைக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வந்த ஆய்வு, காணொளி எவ்வளவு நீளமானாலும் மாணவர் பார்க்கும் இடைநிலை நேரம் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை என்று காட்டியது. ஒரு மணி நேரப் பாடத்தைப் பத்துத் துண்டாக்குங்கள். கருத்து முடியும் இடத்தில் வெட்டுங்கள்.

துண்டுக்கு இரண்டு கேள்வி வேண்டும். தவறான விடையைத் தொட்டால் அது ஏன் தவறு என்று இரண்டு வரி வர வேண்டும். தனியே படிப்பவருக்குப் பக்கத்தில் கேட்க ஆளில்லை. முதல் வாரக் கேள்விகள் சிலவற்றை மூன்றாம், ஆறாம் வாரங்களில் மறுபடி கேளுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதுதான் நெடுநாள் தங்கும். எண்களை மாற்றிக் கேட்கும் வினா வங்கி இல்லையென்றால் விடைகள் வாட்ஸ்அப்பில் சுற்றும், மதிப்பெண் பொருளற்றுப் போகும்.

ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் இணையப் பாடத் திட்டமான என்பிடெல்லின் 12 வாரப் பாடங்களில் சிறந்த 8 அசைன்மென்ட்களின் சராசரிக்கு 25 மதிப்பெண், மையத்தில் எழுதும் தேர்வுக்கு 75. அறுவடை, இரவு ஷிப்ட், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நான்கு வாரம் போனாலும் பாடம் போகாது. அருமையான விதி, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கெடுவை ஞாயிறு இரவுக்கு வையுங்கள். வேலைக்குப் போகிறவருக்கு வாரநடுக் கெடு உதவாது.

500 கேபிபிஎஸ் (நொடிக்கு 500 கிலோபிட்) காணொளி மணிக்கு 225 எம்பி தின்னும். அதே பாடம் 32 கேபிபிஎஸ் ஒலியாக 14.4 எம்பிதான். ஒலிக்கோப்பும் பிடிஎஃப் குறிப்பும் சேர்த்துக் கொடுத்தால் சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊரிலும் படிக்கலாம். தானியங்கி வசனவரியில் ல, ள, ழ குழம்பும். ஒருவர் உட்கார்ந்து திருத்தியே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது தொடக்கம். எம்ஐடி, ஹார்வர்டின் எட்எக்ஸ் பாடங்களை ஆராய்ந்த 2019 கட்டுரைப்படி, பதிந்தவர்களில் 52 சதவீதம் பேர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. ஆகவே பத்தாம் நாள் ஒரு பட்டியல் எடுங்கள். ஒருமுறைகூட உள்நுழையாதவர்களைப் பாட உதவியாளர் தொலைபேசியில் அழைக்கட்டும். குறுஞ்செய்தி போதாது. கடவுச்சொல் மறந்திருக்கும், ஓடிபி பழைய எண்ணுக்குப் போயிருக்கும், எந்தப் பொத்தானை அழுத்துவதென்று தெரிந்திருக்காது. ஐந்து நிமிடப் பேச்சில் சரியாகிவிடும்.