விதிமுறை விவாதத்தில் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

சனிக்கிழமைதோறும் ‘ஸ்மாஷ்’ என்ற சண்டை வீடியோ கேம் ஆடக் கூடும் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் கூடலுக்கென்று தனி விதிமுறை வகுக்கும் வேலை சென்ற வாரம் நிறைவேறியது. அந்த ஆட்டத்தில் வரும் ஸ்டீவ் என்ற கதாபாத்திரத்தைத் தடை செய்ய வேண்டும் என்று முதலில் முன்மொழிந்தவன் நான். அந்தத் தடை இன்று விதிமுறையில் இல்லை. என்னை மறுத்துப் பேசியவர்களுக்கே இந்த மடலில் முதல் நன்றி.

நாம் ஆடும் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்’ 2018 டிசம்பரில் வெளியானது. மைன்கிராஃப்ட் என்ற வேறொரு வீடியோ கேமின் கதாபாத்திரமான ஸ்டீவ் 2020 அக்டோபரில் அதில் சேர்ந்தார். கதாபாத்திரங்களின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் திருத்தங்கள் 2021ஆம் ஆண்டோடு நின்றுவிட்டதால், இனி எதையேனும் சீர்செய்ய வேண்டுமானால் மேடைப் பட்டியல் (சண்டை நடக்கும் களங்களின் பட்டியல்), நேர வரம்பு, தடை ஆகியவற்றைக் கொண்டு ஆடுபவர்கள்தாம் செய்துகொள்ள வேண்டும் என்பது என் வாதம். அதில் இன்றும் எனக்கு ஐயமில்லை. ஆனால் தடை ஒன்றே வழி என்று நான் அவசரப்பட்டேன்.

இதே தொடரில் 2008இல் வந்த ‘பிரால்’ காலத்திலிருந்து ஆடிவரும் அண்ணன் என் அவசரத்தை நிதானப்படுத்தினார். அந்த ஆட்டத்தில் மெட்டா நைட் என்ற கதாபாத்திரத்தைத் தடை செய்வதா வேண்டாமா என்று ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்ததையும், மேடையின் விளிம்பைப் பற்றிப் பற்றியே நேரத்தைக் கடத்தும் உத்தியை அடக்க, ஓர் ஆட்டத்தில் எத்தனை முறை விளிம்பைப் பிடிக்கலாம் என்று அமைப்பாளர்கள் வரம்பு வைத்ததையும் அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். கதாபாத்திரத்தை விலக்குவதற்கு முன் தொல்லை தரும் செயல் எது என்று பாருங்கள் என்ற அவருடைய ஒரு சொல்லால்தான் விவாதம் திசை திரும்பியது.

அந்தச் செயல், ஸ்டீவ் தரையைத் தோண்டிப் பொருள்கள் சேர்ப்பது. அதை எங்களுக்குக் காட்டித் தந்தவர், ஸ்டீவை ஆடும் தம்பியே. தன் கதாபாத்திரத்தை நீக்கச் சொன்னவனை அருகில் உட்கார வைத்து, திரையின் அடியில் தான் வாங்கிய அடியைக் காட்டும் சேத விழுக்காட்டோடு தெரியும் பொருள்களின் எண்ணிக்கையைச் சுட்டி, “இரும்பு தீர்ந்துவிட்டால் என்னால் பட்டறைக்கல்லைப் போட முடியாது, சுரங்க வண்டியும் ஓடாது, அப்போது நெருங்கி வாருங்கள்” என்று சொல்லிக்கொடுத்தார். வாள் தேய்ந்து உடைந்தபின் அவர் வெறுங்கையால் அடிக்கும்போது அடி எட்டும் தூரம் எவ்வளவு குறைகிறது என்பதை அன்றுதான் கவனித்தேன். இத்தனை நாள் அவரிடம் தோற்றும் அந்த எண்களை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இந்தப் பெருந்தன்மைக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அகலமான மேடைகளில் அவர் ஒதுங்கி நின்று தோண்ட இடம் கிடைக்கிறது என்பதைக் கண்டபின், ஃபைனல் டெஸ்டினேஷன் என்ற சமதள மேடையைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம் என்றோம். சேமஸ் என்ற கதாபாத்திரத்தை ஆடும் தோழி அதை ஏற்கவில்லை. தூரத்திலிருந்து சுடும் தம்மைப் போன்றவர்களுக்கு அந்தச் சமதளமே பிடிமானம் என்றும், ஒருவருக்காகப் போடும் விதி இன்னொருவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் அவர் உறுதியாக நின்றார். அவர் சொன்னதே நியாயம். ஸ்டீவ் களமிறங்கும் ஆட்டங்களில் மட்டும் எதிராளி கூடுதலாக ஒரு மேடையை விலக்கலாம் என்ற இப்போதைய விதி, அவருடைய மறுப்பிலிருந்து பிறந்ததுதான்.

ஆறு வாரம் தம் ஆட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஒவ்வொரு மாற்றத்தையும் ஆடிச் சோதித்த இருவருக்கும், முடிவுகளை நோட்டில் குறித்து வைத்தவருக்கும், மூன்று ஸ்டாக் (உயிர்), ஏழு நிமிடம் என்று தொடங்கும் விதிமுறைத் தாளைத் தெளிவான தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியவருக்கும் என் நன்றி உரித்தாகுக. வரும் சனிக்கிழமை முதல் ஆட்டத்தில் நான் ஸ்டீவை எதிர்கொள்கிறேன். கூடுதலாக விலக்கும் மேடை எதுவென்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நன்றியுடன்,
உங்களில் ஒருவன்