எழுதினதை அப்படியே வாசித்துக் காட்டியவர்களுக்கு

வணக்கமுங்க. பங்குனி, சித்திரையில் ஆறு சனிக்கிழமை எங்கள் கோயில் பாட்டு வகுப்புக்காக வந்து உட்கார்ந்த நாலு வாத்தியக்காரர்களுக்கும், அவர்களைச் சுற்றி நின்று உதவின சிலருக்கும் எழுதுகிற நன்றி மடல் இது. வகுப்பு முடிந்த வாரமே எழுதியிருக்க வேண்டியது. அங்கே கற்றதை வைத்துத் திருத்தின பாட்டை ஒரு தடவையாவது சபையில் பாடிவிட்டு எழுதலாம் என்று தள்ளிப் போட்டதில் ஐப்பசி வந்துவிட்டது. பெயர் போட வேண்டாம் என்று நாலு பேருமே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் நாங்கள் கூப்பிட்ட மாதிரியே எழுதுகிறேன்: டிரம்பெட் அண்ணன், வயலின் அக்கா, ஆர்கன் டீச்சர், செல்லோ (வயலின் மாதிரியே, ஆனால் பெரிசு, கீழ் ஸ்வரம் பேசும்) சார்.

நாங்கள் யாரென்றால், திருப்பூர், அவிநாசி, சோமனூர், பெருந்துறைப் பக்கம் அவரவர் கோயிலுக்கு மெட்டுப் போடுகிற 11 பேர். சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் சபையும் ஆர்.சி. என்ற கத்தோலிக்க சபையும் கலந்துதான். ஒருத்தர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், ஒருத்தர் ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவர், ரெண்டு பேர் ஸ்கூல் டீச்சர், நான் தறிக்குப் பாவு ஓட்டுகிற இடத்தில் மேஸ்திரி மாதிரி. முறையாக இசை படித்தவர்கள் எங்களில் ரெண்டு பேர்கூடத் தேற மாட்டோம். எல்லோருக்கும் குரு ஒரே ஆள், கீபோர்டு.

அந்தக் குரு நல்லாப் பொய் சொல்லும் என்பதுதான் நாங்கள் முதல் நாளே கற்ற பாடம். 'ஸ்ட்ரிங்ஸ்' பட்டனை அமுக்கினால் நாற்பது பேர் வயலின் வாசிக்கிற மாதிரி வரும், விரலை எடுக்காமல் வைத்திருந்தால் கரண்ட் போகிற வரைக்கும் வந்துகொண்டே இருக்கும். 'டிரம்பெட்' பட்டனுக்கு மூச்சு வாங்காது. அதை நம்பி எழுதிக்கொண்டு வந்த தாள்களை நீங்கள் நாலு பேரும் வாங்கி, ஒரு வார்த்தை திருத்தாமல், சிரிக்காமல், எழுதினதை எழுதினபடியே வாசித்துக் காட்டினீர்கள். நான் நன்றி சொல்ல வந்தது முக்கியமாக அதுக்குத்தான்.

அறுப்பின் பண்டிகைக்கு, அதாவது விளைச்சலுக்கு நன்றி சொல்கிற நாளுக்கு, நான் போட்டிருந்த பாட்டு டி மேஜர் ஸ்ருதி. டிரம்பெட்டுக்கும் அதே டி மேஜரில் எழுதி நீட்டினேன். அண்ணன் வாங்கிப் பார்த்தார், ஒண்ணும் சொல்லவில்லை. ஆர்கனும் வயலினும் செல்லோவும் டி-யில் ஆரம்பிக்க, அவருடைய வாத்தியம் மட்டும் அச்சு அசலாக ஒரு முழு ஸ்வரம் கீழே, சி மேஜரில் போனது. மழைக்கு ஒதுங்கின எருமைகள் மாதிரி ஒரு சத்தம். எனக்கு மூஞ்சி சிவந்துவிட்டது. நாலாவது பாரில் (தாளக் கட்டத்தில்) அவர் வாத்தியத்தை இறக்கிவிட்டு, "தம்பி, இது பி பிளாட் டிரம்பெட்டுங்க. நீங்க சி-ன்னு எழுதினா இது பி பிளாட்டுன்னுதான் பேசும். அது பேர்ல தப்பில்லீங்க" என்றார். இதைப் புத்தகத்தில் நான் படித்திருந்தேன், படித்துவிட்டு மறந்திருந்தேன். இனிமேல் மறக்க மாட்டேன்.

அதோடு விடவில்லை. ஒரு ஸ்வரம் ஏற்றி அங்கேயே எழுதிக் கொடுத்ததும் மறுபடி வாசித்தார். நான் டிரம்பெட்டுக்கு 24 பார் ஒரே மூச்சாக, அதிலும் பாதி மேல் ஸ்தாயியில், வாசிக்காமல் நிற்கிற ரெஸ்ட் ஒன்றுகூட இல்லாமல் எழுதியிருந்தேன். 12 பார் வரைக்கும் தங்கம் மாதிரி இருந்தது. அப்புறம் நாதம் மெலிந்தது, 17ஆவது பாரில் கிழிந்தேவிட்டது. அவர் நிறுத்தி, தண்ணீர் விடுகிற வால்வை அமுக்கிக் கீழே சொட்ட விட்டு, மஞ்சள் துணியால் வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உதட்டைக் காட்டினார். மவுத்பீஸ் அழுந்தின வட்டம் செக்கச்செவேலென்று பதிந்திருந்தது. "இதுல எங்கீங்க நான் மூச்சு வாங்கறது?" என்றார். கோபமில்லை. நிஜமாகவே இடம் தெரியாமல் கேட்கிற குரல். 20 வருசத்துக்கு மேல் பேண்டு செட்டில் கல்யாண ஊர்வலம், தேர், சாவு என்று வாசிக்கிற மனிதர் அவர். அவருக்கே மூச்சு வாங்க இடம் கிடைக்காத பாட்டை எழுதியிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டில் செல்லோ சார் ஒரு கதை சொன்னார். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துக்கு 1723இல் கோயில் இசைப் பொறுப்புக்குப் போன பாக் என்ற இசையமைப்பாளர், கஷ்டமான டிரம்பெட் பகுதிகளை எழுதினது காற்றில் இல்லை, அந்த ஊரிலேயே இருந்த காட்ஃபிரீட் ரைஹ என்ற வாத்தியக்காரரை மனதில் வைத்து. யாருக்கு என்ன வரும் என்று தெரிந்து எழுதினவருக்கே ஒரு நாள் இப்படி ஆனது: 1734 அக்டோபர் 5 ராத்திரி, அரசர் முன்னால் தீவட்டி வெளிச்சத்தில் பாக்கின் ஒரு இசைத் தொகுப்பை வாசித்தார் ரைஹ. மறுநாளே வீட்டுக்குப் போகிற வழியில் விழுந்து செத்துப்போனார். வாசித்த களைப்பும் தீவட்டிப் புகையும்தான் காரணம் என்று அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் கம்மென்று இருந்தோம். டிரம்பெட் அண்ணன் மட்டும் அரிசிம்பருப்பு சாதத்தைப் பிசைந்துகொண்டே, "கூலியாச்சும் எச்சாக் குடுத்தாங்களாங்க அந்த மனுசனுக்கு?" என்று கேட்டார்.

சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி அவருக்கு விளையாட்டு இல்லை. நாங்கள் வகுப்பு வைத்தது மாரியாத்தா நோம்பி சீசன். ரெண்டு சனிக்கிழமை வந்த நல்ல அழைப்பை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தார் என்று அவருடைய செட்டில் இருக்கிற பையன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவர் சொல்லவே இல்லை. அண்ணா, நாங்கள் கொடுத்தது அதில் பாதிக்குக்கூட ஈடாகாது என்று எங்களுக்குத் தெரியுமுங்க.

எந்த ஸ்ருதியில் எழுதுவது என்பது பெரிய பஞ்சாயத்தாகப் போனது. அண்ணன், "எங்களுக்கு பிளாட்டுல குடுங்க, ஷார்ப் வேண்டாம்" என்கிறார். வயலின் அக்கா, "டி-யே இருக்கட்டும், ஜி, டி, ஏ, இ நாலு தந்தியும் திறந்து பேசும்" என்கிறார். ஆர்கன் டீச்சர் ரெண்டு பேரையும் கையமர்த்திவிட்டு, மெட்டில் உச்ச ஸ்வரம் எது என்று என்னைக் கேட்டார். மேல் எஃப் ஷார்ப் என்றேன். "காலைல ஏழரை மணிக்கு ஒரு காப்பி மட்டும் குடிச்சுட்டு வந்திருக்கற சபைங்க இது. டி-க்கு மேல போனா பாதிப் பேர் வாயசைப்பாங்க, மீதிப் பேர் கத்துவாங்க" என்றார். கடைசியில் பி பிளாட்டுக்கு இறக்கினோம். உச்சம் சரியாக டி-யில் வந்து நின்றது. டிரம்பெட் தாளில் அது சி மேஜர், ஷார்ப், பிளாட் ஒண்ணுகூடக் கிடையாது, அண்ணனுக்கு வாயெல்லாம் பல். அக்காவுக்கு இ தந்தி ஒன்றுதான் திறந்து பேசாமல் போனது, முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். பாஸ் என்ற கீழ்க்குரல் பாடுகிற பெரியவர்கள் கீழ் எஃப் வரைக்கும் இறங்க வேண்டி வந்தது, அவர்களை யாரும் கேட்கவில்லை.

டீச்சர், உங்களிடம் வாங்கின திட்டுகளைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆர்கனில் விரலை எடுத்தால் ஸ்வரம் அங்கேயே செத்துவிடும், பியானோ மாதிரி மிதித்து நீட்ட முடியாது, அதனால் அழுத்தின கட்டையிலேயே சத்தம் விடாமல் விரல் மாற்றிப் பிடிக்க வேண்டும் என்று நீங்கள் மெதுவாகச் செய்து காட்டினபோது, எட்டிப் பார்த்த 11 தலையும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டது. ஆல்டோவுக்கு, அதாவது பெண்களில் கீழ்க்குரலுக்கு, நான் ஒன்பது பார் ஒரே ஸ்வரம் எழுதியிருந்ததை என்னையே எழுந்து நின்று பாட வைத்தீர்கள். ஆறாவது பாரில் எனக்கே தூக்கம் வந்தது. "ஆல்டோல நிக்கற பொண்ணுங்களும் ஞாயித்துக்கிழம குளிச்சு சீவி சிங்காரிச்சுத்தான் வராங்க, அவங்களுக்கும் ஒரு பாட்டக் குடுங்க" என்றது இப்போதும் காதில் இருக்கிறது.

அதைவிடப் பெரிய அடி வார்த்தையில் விழுந்தது. 'மனம் தாரும்' என்று ஒரு வரி. மெட்டு நல்லா இருக்கட்டும் என்று 'ம'வில் ரெண்டு பீட் நின்றிருந்தேன். டீச்சர் அதை அப்படியே பாடிக் காட்டினார், 'மானம் தாரும்' என்று வந்தது. "நீங்க ஆண்டவர்கிட்ட மனசு கேக்கறீங்களா, மானம் கேக்கறீங்களா?" அடுத்த சரணத்தில் 'வரும்' என்பது 'வாரும்' ஆகியிருந்தது. குறிலில் நின்றால் தமிழ் வேறு எதையோ பேசிவிடும். 1706இல் தரங்கம்பாடிக்கு ஜெர்மன் மிஷனரிகள் வந்த காலத்திலிருந்தே அந்த ஊர் மெட்டுக்குள் நம் வார்த்தையைப் பொருத்துகிற பாடு நடந்துகொண்டிருக்கிறது, அப்படிப்பட்ட பாட்டுகள் இருக்கிற பாமாலைப் புத்தகத்தில் எந்தெந்த இடத்தில் வார்த்தை நெளிகிறது என்று டீச்சர் பக்கம் பக்கமாகப் பாடிக் காட்டினார். அப்புறம் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்று. அதில் நெடில் இருக்கிற இடத்தில்தான் மெட்டு நிற்கிறது. இதையெல்லாம் யாராவது பத்து வருசத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

எங்கள் ஆர்.சி. நண்பர் பூசைக்குத் தப்பட்டை வைக்கலாமா என்று கேட்டதுக்கு டீச்சர், 1963இல் வந்த வத்திக்கான் சங்க ஏடு குழாய் ஆர்கனையும் உயர்த்திச் சொல்கிறது, அந்தந்த மக்களின் இசைக்கும் இடம் கொடுக்கச் சொல்கிறது என்று சொல்லிவிட்டு, "ஏட்டுல இடமிருக்கு, உங்க ஃபாதர்கிட்ட இருக்கான்னு கேட்டுக்கங்க" என்று முடித்துக்கொண்டார். நண்பர் இன்னும் கேட்கவில்லை.

வயலின் அக்கா கர்நாடக சங்கீதக் கச்சேரிக்கும் வாசிப்பார், ஸ்டுடியோவில் நோட்டேஷன் பார்த்தும் வாசிப்பார். ரெண்டு உலகத்துக்கும் ஒரே பெட்டி. என் பாட்டில் எட்டு பாருக்கு ஒரே ஸ்லர் போட்டிருந்தேன், அதாவது அத்தனையும் ஒரே வில் இழுப்பில், மெதுவான பாட்டு வேறு. அக்கா வில்லை இழுத்தார், இழுத்தார், நாலாவது பாரிலேயே வில் நுனிக்கு வந்துவிட்டது. கையை அப்படியே காற்றில் நிறுத்தி, "தீந்துருச்சுங்க" என்றார். இன்னொருவர் ஜி தந்திக்கும் கீழே எஃப் எழுதிக் கொண்டுவந்ததுக்கு, "அது என்கிட்ட இல்லீங்களே, செல்லோ சார்கிட்ட கேளுங்க" என்று தாளை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்.

செல்லோ சார் வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறி, ஒரு பெர்த்தில் தான், பக்கத்தில் ஆள் உயரப் பெட்டி என்று உட்கார்ந்தே வந்தார், மூன்று தடவை. கீழ் ஸ்தாயியில் ஸ்வரங்களை நெருக்கி வைத்தால் சேறாகிவிடும், கீழே இடம் விட்டு மேலே நெருக்கு என்று அவர் சொன்ன ஒன்றே என்னுடைய பழைய பாட்டுகள் முப்பதையும் திருத்தப் போதும்.

இடம் பற்றியும் சொல்ல வேண்டும். ஹால் தருவதாகச் சொன்ன ஒரு பள்ளிக்கூடம் முந்தின நாள் சாயங்காலம் போன் போட்டுக் கையை விரித்துவிட்டது. அப்போது தன் தறிக் குடோனைக் காலி செய்து கொடுத்த அண்ணனுக்கு நன்றி. ஆறு சனிக்கிழமையும் எங்களுக்காகத் தன் தறிகளை நிறுத்தினார், தறி நின்றால் என்ன நட்டம் என்று எனக்குத் தெரியும். பக்கத்துக் குடோன் தறி ஓடிக்கொண்டேதான் இருந்தது, அந்தச் சடக் சடக்கில் தாளம் தட்டுகிற மெட்ரோனோம் கருவி தேவைப்படவில்லை. காலையில் சந்தகையும் தேங்காய்ப்பாலும், மத்தியானம் கொள்ளுப் பருப்பும் என்று அடுப்படியிலேயே நின்ற மூன்று அத்தைமாருக்கும் நன்றி. செல்லோ சார் ஆறு சந்தகை சாப்பிட்டார் என்பதை அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. பீடத்தைச் சுற்றி வாழைத்தார், கரும்பு, பூசணி, தேங்காய், கால் கட்டின ரெண்டு சேவல். பாட்டை பி பிளாட்டில் பாடினோம். டிரம்பெட் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பின்னால் நின்றிருந்தார், கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தோம். 13ஆவது பாரிலிருந்து அவருக்கு நாலு பார் ரெஸ்ட் விட்டிருக்கிறேன். அந்த நாலு பாரிலும் வாத்தியத்தை இறக்கி வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அதில் மூன்றாவது பாரில் சேவல் கூவியது, அது நான் எழுதினது இல்லை. 17இல் அவர் மறுபடி எடுத்தபோது நாதம் கிழியவில்லை. 'மனம்' மனமாகவே வந்தது. ஆல்டோ வரிசையில் ஒரு பெண் பாடும்போது சிரித்ததைப் பார்த்தேன், எதுக்கு என்று கேட்கவில்லை.

அண்ணா, பீடத்தில் வைத்த காணிக்கைகளின் ஏலம் முடிவதுக்குள் கிளம்பிவிட்டீர்கள். உங்க மஞ்சள் துணி பெஞ்சு மேலேயே கிடந்ததுங்க. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், கூடவே உங்க பேரில் ஏலம் எடுத்த ஒரு வாழைத்தாரும் இருக்கு. கார்த்திகை முகூர்த்தம் ஆரம்பிக்கிறதுக்குள்ள வீட்டுக்கு வர்றேன், அதுக்குள்ள பழுத்துருமுங்க.